பரமேறிய இயேசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்துமஸ் அன்று தேவாலயத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது. பெரிய வெள்ளியன்று வெளியே பந்தல் போட்டாலும் போதாது. ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள், ஒரு வியாழக்கிழமை வரும் பரமேறுதல் திருநாளன்று, அதே தேவாலயத்தில் ஓடும் மின்விசிறிகளைவிட உட்கார்ந்திருக்கும் ஆட்கள் குறைவு. விசுவாசப் பிரமாணத்தில் 'பரலோகத்திற்கேறி' என்று வாரந்தோறும் சொல்கிறோம்; சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் கேட்டவையும், பெரியவர்கள் ஆராதனை முடிந்து வாசலில் தயங்கித் தயங்கிக் கேட்டவையுமாகச் சேர்ந்த கேள்விகள் இவை.

பரமேறுதல், விண்ணேற்றம், விண்ணேற்பு: மூன்றும் ஒன்றா?

முதல் இரண்டும் ஒன்றுதான். உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களின் கண்ணெதிரே மேலே எடுத்துக்கொள்ளப்பட்டதைச் சீர்திருத்தச் சபையார் பரமேறுதல் என்கிறார்கள். கத்தோலிக்கர் ஆண்டவரின் விண்ணேற்றம் என்கிறார்கள். விண்ணேற்பு வேறு. மரியாவைக் கடவுள் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு ஏற்றுக்கொண்டார் என்ற கத்தோலிக்க விசுவாசம் அது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950 நவம்பர் 1 அன்று அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். விழா ஆகஸ்ட் 15. ஏறுபவருக்கு ஏற்றம், ஏற்றுக்கொள்ளப்படுபவருக்கு ஏற்பு என்று தமிழில் நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் இதை வைத்து யாரிடமும் வாதாடப் போக வேண்டாம். அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரம் இயேசுவைப் பற்றியும் 'எடுத்துக்கொள்ளப்பட்டார்' என்றுதான் சொல்கிறது.

நான்கு சுவிசேஷங்களிலும் இந்த நிகழ்ச்சி இருக்கிறதா?

இல்லை. விரிவாகச் சொல்பவர் லூக்கா ஒருவரே. தம் சுவிசேஷத்தின் கடைசி வரிகளில் ஒரு முறை, அப்போஸ்தலர் நடபடிகளின் தொடக்கத்தில் இன்னொரு முறை. மாற்கு 16:19-ல் ஒரு வரி வருகிறது. ஆனால் அந்த அதிகாரத்தின் 9 முதல் 20 வரையிலான வசனங்கள், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. யோவானில் காட்சி இல்லை. காலியான கல்லறைக்கு அருகே மகதலேனா மரியாளிடம் "நான் என் பிதாவினிடத்திற்கு ஏறிப்போகிறேன்" என்று சொல்லும் சொல் மட்டும் இருக்கிறது. மத்தேயுவிலோ ஏறிப்போவதே இல்லை. கலிலேயாவில் ஒரு மலை, பதினொரு பேர், "வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது" என்ற அறிவிப்பு, அவ்வளவோடு புத்தகம் முடிகிறது.

இதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. லூக்கா சொல்லும் காட்சியின் பொருளைத்தான் மத்தேயு காட்சியில்லாமல் சொல்லியிருக்கிறார்.

உயிர்த்தெழுந்த அன்றே ஏறிப்போனாரா, நாற்பது நாள் கழித்தா?

லூக்கா 24-ஐ ஒரே மூச்சில் படித்தால் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டதுபோல் இருக்கும். அதே ஆசிரியர் அடுத்த புத்தகத்தில் நாற்பது நாள் என்று எழுதுகிறார். தான் எழுதியதைத் தானே மறந்திருப்பார் என்று நினைக்க முடியாது. முதல் புத்தகத்தில் கதையை முடிப்பதற்காகச் சுருக்கினார், இரண்டாவதில் விரித்தார் என்பதே பெரும்பாலோர் கொள்ளும் விளக்கம். நாற்பது என்ற எண்ணுக்கும் வேதாகமத்தில் தனி எடை உண்டு: சீனாய் மலையில் மோசே, ஓரேபுக்கு நடந்த எலியா, வனாந்தரத்தில் இயேசு.

லூக்காவில் எல்லோரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் இடம் இருக்கிறது. அவர் போன பிறகு சீஷர்கள் "மிகுந்த சந்தோஷத்தோடே" எருசலேமுக்குத் திரும்பினார்களாம். அன்புக்குரியவரை வழியனுப்பிவிட்டு வரும் வீட்டில் அப்படியா இருக்கும்? ரயில் நிலையத்தில் பிள்ளையை அனுப்பிவிட்டு வரும் தாயின் முகம் நமக்குத் தெரியும். இவர்களுக்கு ஏன் அழுகை வரவில்லை? கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியவைதான்.

விண்வெளிக்குப் போய்வந்தவர்கள் யாரும் பரலோகத்தைப் பார்க்கவில்லையே?

பார்த்திருந்தால்தான் சிக்கல். மேகங்களுக்கு மேலே ஏதோ ஒரு கிலோமீட்டர் கணக்கில் பரலோகம் இருக்கிறது என்று வேதாகமம் கற்பிக்கவில்லை. சாலொமோன் தாம் கட்டிய ஆலயத்தின் பிரதிஷ்டையிலேயே, வானாதி வானங்களும் கடவுளைக் கொள்ளாது என்று ஜெபித்துவிட்டார்.

இயேசு ஏறிப்போன காட்சியில் லூக்கா சொல்லும் மேகத்தையும் மழைமேகமாகப் பார்க்கக் கூடாது. சீனாய் மலையை மூடியது மேகம்; ஆசரிப்புக் கூடாரத்தை நிரப்பியது மேகம்; மறுரூப மலையில் குரல் கேட்டது மேகத்திலிருந்து. யூதச் செவிக்கு மேகம் என்றால் கடவுளின் சந்நிதி. ஆகவே இயேசு உயர உயரப் பறந்து புள்ளியாக மறைந்தார் என்று லூக்கா எழுதவில்லை. ஒரு மேகம் அவரை எடுத்துக்கொண்டது என்று எழுதினார். பிள்ளைகளுக்கு ராக்கெட் படம் வரைந்து காட்டும் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ரோமப் பேரரசர்களின் கதைகளைப் பார்த்து எழுதியது என்கிறார்களே?

நியாயமான கேள்வி. ரோமாபுரியை நிறுவிய ரோமுலுஸ் படையைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது மேகம் சூழ மறைந்தார் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். கி.பி. 14-ல் அகஸ்துஸ் இறந்தபோது, அவர் வானத்துக்கு ஏறுவதைக் கண்டதாக நுமேரியுஸ் அத்திகுஸ் என்பவர் சத்தியம் செய்தார். அதற்காக அரசரின் மனைவி லிவியா அவருக்குப் பத்து லட்சம் செஸ்தர்ஸ் காசு கொடுத்ததாக வரலாற்றாசிரியர் காசியுஸ் தியோ கொஞ்சம் நக்கலாகவே பதிவு செய்திருக்கிறார். கிறிஸ்தவர்களும் இந்த ஒற்றுமையை மறைக்கவில்லை. 2ஆம் நூற்றாண்டிலேயே யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், "உங்கள் அரசர்களுக்கு இதைச் சொல்கிறீர்களே" என்ற பாணியில் ரோமர்களிடம் வாதாடியிருக்கிறார்.

லூக்காவைப் படித்த கிரேக்க வாசகர் காதில் அந்தக் கதைகள் ஒலித்திருக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் நம்பிக்கை அங்கிருந்து பிறந்தது என்றால் காலக்கணக்கு இடிக்கும். லூக்கா எழுதுவதற்கு முன்பே, கி.பி. 50-களில் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில், கிறிஸ்து தேவனுடைய வலதுபாரிசத்தில் இருக்கிறார் என்பதை எல்லோருக்கும் தெரிந்த செய்தியாகப் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். அந்தச் சொல் வந்த இடம் ரோமாபுரி அல்ல, 110ஆம் சங்கீதம். இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. ரோமில் தெய்வமாக்கப்பட்டவர்கள் ஆட்சி செய்து முடித்தவர்கள். இங்கே ஏறியவர் அதே அரசின் சிலுவையில் குற்றவாளியாகச் செத்தவர்.

எலியாவும் ஏனோக்கும்கூடத்தான் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். என்ன வேறுபாடு?

அவர்கள் சாகாமல் போனார்கள்; இவர் செத்து, உயிர்த்து, பிறகு போனார். அவர்களில் யாரையும் "என் வலதுபாரிசத்தில் உட்காரும்" என்று யாரும் சொல்லவில்லை.

'வலதுபாரிசம்' என்றால் என்ன? கடவுளுக்கு வலது, இடது உண்டா?

இல்லை. தமிழில் 'அமைச்சருக்கு வலது கை' என்றால் நம்பிக்கையான உதவியாளர் என்று பொருள். அந்தப் பொருளை இங்கே கொண்டுவந்தால் இயேசு பிதாவின் எடுபிடிபோல் ஆகிவிடுவார். பழைய கிழக்கு நாடுகளில் அரசனின் வலப்பக்க ஆசனம் மரியாதைக்கும் அதிகாரப் பகிர்வுக்கும் உரியது. சாலொமோன் தன் தாய் பத்சேபாளுக்கு வலப்பக்கத்தில் ஆசனம் போட்டது நினைவிருக்கலாம்.

110ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்தான் புதிய ஏற்பாட்டில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட பழைய ஏற்பாட்டு வசனம். "சத்துருக்களை உமக்குப் பாதபடியாக்கிப்போடும்வரைக்கும்" வலதுபாரிசத்தில் உட்காரும்படி கர்த்தர் 'என் ஆண்டவரிடம்' சொல்கிறார். சங்கீதத்தைப் பாடிய தாவீது, தன் வாரிசாக வரும் மேசியாவையே 'என் ஆண்டவர்' என்று அழைப்பது எப்படி என்று இயேசு தேவாலயத்தில் கேட்டார். பிறகு பிரதான ஆசாரியன் முன் விசாரணையில் அதே வசனத்தைத் தானியேல் 7-ஆம் அதிகாரத்தோடு சேர்த்துத் தமக்கே பொருத்திச் சொன்னார். பிரதான ஆசாரியன் தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். சொன்னது என்ன என்பது அவனுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

தானியேலின் தரிசனத்தில் மனுஷகுமாரனைப் போன்ற ஒருவர் மேகங்களோடு வருகிறார். எங்கே வருகிறார் என்பதைக் கவனியுங்கள். பூமிக்கு அல்ல; நீண்ட ஆயுசுள்ளவரின், அதாவது கடவுளின், சிங்காசனத்துக்கு. அங்கே அவருக்குக் கர்த்தத்துவமும் ராஜரிகமும் கொடுக்கப்படுகின்றன. கீழே நின்ற சீஷர்களுக்கு மேகத்துக்குள் போனதாகத் தெரிந்தது, மேலிருந்து பார்த்தால் முடிசூட வந்து சேர்ந்ததாக இருந்திருக்கும்.

இங்கே நம் மொழிபெயர்ப்பாளர்களைப் பாராட்ட வேண்டும். விசுவாசப் பிரமாணத்தில் 'உட்கார்ந்திருக்கிறார்' என்று போடாமல் 'வீற்றிருக்கிறார்' என்று போட்டார்கள். நாற்காலியில் யாரும் உட்காரலாம், வீற்றிருப்பவர் அரசர். சோழர் மெய்க்கீர்த்திகளில் "வீரசிம்மாசனத்து வீற்றிருந்தருளிய" என்று கல்லில் வெட்டிய சொல் அது. அந்த ஒரு வினைச்சொல்லில் பரமேறுதல் திருநாளின் பொருள் முழுவதும் அடங்கிவிடுகிறது. அவர் விடைபெற்றுப் போகவில்லை, அரியணை ஏறினார். சீஷர்கள் ஏன் சந்தோஷமாகத் திரும்பினார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

உட்கார்ந்திருக்கிறார் என்றால் ஓய்வெடுக்கிறாரா?

எபிரெயர் நிருபம் இதை ஆசாரியர் கண்ணால் பார்க்கிறது. மோசே செய்த ஆசரிப்புக் கூடாரத்தின் தட்டுமுட்டுகளில் மேசை உண்டு, விளக்குத்தண்டு உண்டு, தூபபீடம் உண்டு, நாற்காலி இல்லை. பலி ஒருபோதும் முடிவதில்லை என்பதால் ஆசாரியர் நாள்தோறும் நின்றுகொண்டே செய்தார்கள். இவர் ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்தார். அதாவது பலி முடிந்தது. பரிந்து பேசுவது முடியவில்லை. நமக்காக வேண்டுதல் செய்ய எப்போதும் உயிரோடிருக்கிறார் என்று அதே நிருபம் சொல்கிறது.

முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் கல்லெறியப்பட்டுச் சாகும்போது மட்டும் இயேசு நிற்பதாகக் காண்கிறான். தனக்காகச் சாட்சி சொன்னவனுக்குச் சாட்சி சொல்ல எழுந்தார் என்பார் சிலர்; வரவேற்க எழுந்தார் என்பார் சிலர். எனக்கு இரண்டாவது பிடிக்கும், முதலாவதுதான் சரியாக இருக்கும்.

"அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது" என்றால் முன்பு இல்லையா?

திரித்துவ விசுவாசத்தின்படி குமாரன் என்றென்றும் ஆண்டவர். அவருக்குப் புதிதாகக் கொடுக்க எதுவும் இல்லை. புதியது என்னவென்றால் அவர் எடுத்துக்கொண்ட மனித இயல்பு அந்த அரியணைக்கு வந்தது. பிலிப்பியர் 2 இதைப் படிப்படியாகச் சொல்கிறது: தம்மை வெறுமையாக்கினார், அடிமையின் ரூபமெடுத்தார், சிலுவை மட்டும் தாழ்ந்தார், "ஆதலால்" தேவன் அவரை எல்லாவற்றிற்கும் மேலாக உயர்த்தினார். அந்த 'ஆதலால்' முக்கியம்.

அவர் ஆளுகிறார் என்றால் உலகம் ஏன் இப்படி இருக்கிறது?

எல்லாக் கேள்விகளிலும் கனமானது இது. புற்றுநோய் வார்டில் இருந்து கேட்டவர்களும் உண்டு. அவர்களிடம் இந்தப் பதிலை நான் வாசித்துக் காட்டியதில்லை.

புதிய ஏற்பாடு இந்தக் கேள்வியை மழுப்பவில்லை. "இன்னும் அவருக்குச் சகலமும் கீழ்ப்பட்டிருக்கக் காணோம்" என்று எபிரெயர் 2:8 வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. 110ஆம் சங்கீதத்திலும் 'வரைக்கும்' என்று ஒரு சொல் இருக்கிறது. சத்துருக்கள் இன்னும் இருக்கும்போதே ராஜா உட்கார்த்தப்படுகிறார். ஆட்சி தொடங்கிவிட்டது, எதிர்ப்பு ஓயவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. கடைசிச் சத்துரு மரணம் என்று பவுல் பெயர் சொல்லியே எழுதுகிறார்.

ஆஸ்கர் குல்மன் என்ற அறிஞர் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-ல், ஓர் உவமை சொன்னார். போரின் முடிவைத் தீர்மானிக்கும் சண்டையில் வெற்றி கிடைத்துவிடும். ஆனால் வெற்றி நாள் வரை போர் தொடர்ந்துகொண்டிருக்கும். நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியது 1944 ஜூன் 6. ஐரோப்பாவில் போர் ஓய்ந்தது 1945 மே 8. இடைப்பட்ட மாதங்களில் செத்தவர்கள் ஏராளம். உவமை எனக்குப் பிடித்திருந்தாலும் முழுத் திருப்தி இல்லை. பதினொரு மாதம் எங்கே, இரண்டாயிரம் ஆண்டு எங்கே?

எனக்குக் கூடுதலாகக் கைகொடுப்பது யோவான் 13. பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதை இயேசு அறிந்திருந்தார் என்று தொடங்குகிறது வாக்கியம். எல்லாம் கையில் இருக்கிறவர் அடுத்து என்ன செய்வார்? துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் உட்பட எல்லோருடைய கால்களையும் கழுவினார். சகல அதிகாரம் அவர் கையில் அந்த வடிவத்தில்தான் இருந்தது. நாம் எதிர்பார்க்கும் சாட்டை வடிவத்தில் ஆட்சி தெரியவில்லை என்பதாலேயே ஆட்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்த அதிகாரம் சபைக்கும் கிறிஸ்தவ அரசுகளுக்கும் கைமாறுகிறதா?

கைமாறியதாக நினைத்தவர்கள் செய்த அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. 1513-ல் ஸ்பெயின் அரசு ஓர் அறிவிப்பைத் தயாரித்தது. உலகின் மேல் அதிகாரம் பேதுருவுக்கு, அவர் வழியே போப்பாண்டவருக்கு, போப்பாண்டவர் வழங்கியதால் ஸ்பெயின் அரசருக்கு. பணியுங்கள், மறுத்தால் போர், அடிமைத்தனம் என்பது சாரம். அமெரிக்கப் பழங்குடி மக்களிடம் அவர்களுக்குப் புரியாத மொழியில் இதை வாசித்தார்கள். சில இடங்களில் ஆளில்லாத ஊர்களை நோக்கியும் வாசித்தார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை என்று எழுதினார் லாஸ் காசாஸ் என்ற துறவி. மத்தேயு 28-ல் "எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது" என்றுதான் இருக்கிறது. 'உங்களுக்கு' என்று இல்லை. சீஷர்களுக்குக் கிடைத்தது போய் உபதேசிக்கும் வேலை.

அதே விசுவாசம் எதிர்த்திசையிலும் வேலை செய்திருக்கிறது. 2ஆம் நூற்றாண்டில் சிமிர்னா நகரத்து ஆயர் பொலிகார்ப்பை, இராயனே (ரோமப் பேரரசரே) ஆண்டவர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுகிறோம் என்று வற்புறுத்தினார்கள். 86 ஆண்டுகள் தாம் ஊழியம் செய்த ராஜாவை எப்படித் தூஷிப்பது என்று கேட்டுவிட்டு நெருப்புக்குப் போனார். 1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய சபையார், இறையியலாளர் கார்ல் பார்த் எழுதிக்கொடுத்த அறிக்கையை ஏற்று, வாழ்வின் எந்தப் பகுதியும் கிறிஸ்துவுக்கன்றி வேறு ஆண்டவர்களுக்கு உரியதல்ல என்று அறிவித்தார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறுவருடம் அது, துணிச்சலான செயல். ஆனால் அந்த அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பார்த்தே பிற்காலத்தில் அதற்காக வருந்தினார்.

கத்தோலிக்கத் திருச்சபையில் கிறிஸ்து அரசர் பெருவிழா பிறந்ததும் இப்படி ஒரு காலத்தில்தான். முதல் உலகப் போர் முடிந்து, மணிமுடிகள் உருண்டு, இத்தாலியில் முசோலினி எழுந்திருந்த 1925 டிசம்பரில் திருத்தந்தை பதினோராம் பயஸ் இவ்விழாவை ஏற்படுத்தினார். முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறு. 1969-க்குப் பின் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறு.

உடலோடு பரலோகத்தில் இருப்பவர் திருவிருந்தில் எப்படி இருக்க முடியும்?

1529-ல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்ளியும் மோதிக்கொண்ட கேள்வி. உடல் வலதுபாரிசத்தில் இருக்கிறது, அப்பத்தில் இருக்க முடியாது என்றார் சுவிங்ளி. தேவனுடைய வலதுகை எங்கும் இருக்கிறது, கிறிஸ்துவும் இருக்கலாம் என்றார் லூத்தர். பின்னால் வந்த கால்வின், உடல் பரலோகத்தில்தான், ஆனால் ஆவியானவர் நம்மை அங்கே அவரோடு இணைக்கிறார் என்றார். இன்றுவரை தீரவில்லை.

ஒலிவ மலையில் இயேசு ஏறிப்போனதாகச் சொல்லும் இடத்தை இன்று பார்க்க முடியுமா?

பார்க்கலாம். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொயமேனியா என்ற ரோமச் சீமாட்டி அங்கே நடுவில் கூரையில்லாத ஒரு வட்டக் கோயிலைக் கட்டினார். இன்று இருப்பது சிலுவைப் போர்க்காரர்கள் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய சிறிய எண்கோணக் கட்டடம். 1187-ல் எருசலேமைச் சலாவுத்தீன் கைப்பற்றிய பின் அது பள்ளிவாசலானது. மேலே குவிமாடம் வந்தது. இப்போதும் முஸ்லிம்களின் பொறுப்பில்தான் இருக்கிறது. திருநாளன்று கிறிஸ்தவர்கள் அங்கே வழிபடுகிறார்கள். உள்ளே தரையில் ஒரு கல் சட்டத்துக்குள் வலது காலடித் தடம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது அவருடையதுதானா என்று என்னைக் கேட்காதீர்கள்.

முஸ்லிம்கள் ஏன் அதைப் பேணுகிறார்கள் என்று வியப்பவர்களுக்கு: ஈஸா நபியை இறைவன் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்று குர்ஆனும் (4:158) சொல்கிறது. சிலுவை மரணத்தை இஸ்லாம் ஏற்பதில்லை, பிரிவு அங்கே.

எல்லாம் முடிந்த பிறகு ராஜ்யத்தைப் பிதாவிடம் ஒப்படைப்பார் என்கிறதே. அப்போது ஆட்சி முடிந்துவிடுமா?

1 கொரிந்தியர் 15:24-ஐ வைத்து, அன்சிராவின் ஆயர் மார்செல்லுஸ் அப்படித்தான் கற்பித்தார் என்று 4ஆம் நூற்றாண்டில் குற்றச்சாட்டு எழுந்தது. அதற்குப் பதிலாகவே, 381-ல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு தொடர்புடைய விசுவாசப் பிரமாணத்தில் அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை என்ற வரி நிற்கிறது. மரியாளிடம் தூதன் சொன்ன வார்த்தை அது. ஒப்படைப்பது என்பது தோற்றவன் சாவியைக் கொடுப்பது அல்ல. வேலையை முடித்த மகன் அதைத் தந்தையின் முன் வைப்பது என்று விளக்குவார்கள்.

வியாழக்கிழமைத் திருநாளை ஞாயிற்றுக்கிழமை ஏன் கொண்டாடுகிறார்கள்?

வேலைநாளில் ஆள் வருவதில்லை என்பதால்தான். கத்தோலிக்க மறைமாவட்டங்கள் பலவற்றில் அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றிவிட்டார்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் அந்த வியாழன் அரசு விடுமுறை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவிலும் விடுமுறை.

பழைய படங்களில் ஏன் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிகின்றன?

ஐரோப்பாவின் இடைக்கால ஓவியர்கள் பலர் மேகத்தின் கீழ்விளிம்பில் அவர் பாதங்களை மட்டும் தொங்கவிட்டு நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். 1510-ஐ ஒட்டி ஆல்பிரெக்ட் ட்யூரர் மரத்தில் செதுக்கிய சிறிய படத்திலும் அப்படித்தான்: மேலே இரண்டு பாதங்களும் அங்கியின் ஓரமும், நடுவே குன்றின் உச்சியில் காலடித் தடங்கள், சுற்றிலும் அண்ணாந்து பார்க்கும் முகங்கள். இரண்டு தூதர்கள் வந்து "ஏன் வானத்தை அண்ணாந்துபார்த்து நிற்கிறீர்கள்?" என்று கேட்பதற்குச் சற்று முந்தைய நொடி அது.